காது திறந்தவன்

என் இடது காதில் ஒரு ஓட்டை இருந்தது. பதினைந்து வயதிலிருந்து அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராணுவ அதிகாரி ஆக நினைப்பவன் அப்படிப் பெருமையடிக்கக் கூடாது என்று எங்கள் தெருவில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு அதே ஓட்டை இருந்தது. வெளியே ஒருத்தி சொன்னாள். அவள் பேச்சை நான் மதிக்கவில்லை.

தூத்துக்குடியில் எங்கள் தெரு கடலை ஒட்டியது. ஆண்கள் பலர் சங்கு குளிக்கப் போகிறவர்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் முத்து எங்கே, முத்து எங்கே என்று கேட்பார்கள். எரிச்சலாக வரும். முத்தெல்லாம் எங்கள் காலத்தில் இல்லை. நாங்கள் எடுப்பது சங்கு.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் அப்பா என்னை முதன்முதலாகப் படகில் கூட்டிப்போனார். முகத்துக்கு ஒரு கண்ணாடி, துடுப்பு போலக் காலில் கட்டிக்கொள்ளத் தகடு, இடுப்பில் வலைப்பை. அவ்வளவுதான் சாமான். ஆழத்தை நாங்கள் பாகத்தில் சொல்வோம். இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை ஒரு பாகம். நாலு பாகம் இறங்கியதும் காதுக்குள் ஆணி அடிப்பது போல வலித்தது. பயந்து மேலே வந்துவிட்டேன். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வலிச்சா மேல வரப்புடாதுலே," என்றார் அப்பா. "வலி போற வரைக்கும் கீழயே நில்லு."

மறுபடி இறங்கினேன். நின்றேன். காதுக்குள் டப்பென்று ஒரு சத்தம். தலைக்குள் பச்சைத் தண்ணீர் பாய்ந்தது போல இருந்தது. கடல் ஒரு பக்கமாகச் சுழன்றது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் எப்படியோ வந்து படகைப் பிடித்தேன். ரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"திறந்துட்டு!" என்று அப்பா கத்தினார். "எம் மவனுக்குக் காது திறந்துட்டு!"

பக்கத்துப் படகுக்காரர் கேட்டார். "எந்தக் காதுலே மக்கா?"

"இடது!"

"அப்பம் சரி. வலதும் தன்னால திறந்துரும்."

வலது திறக்கவே இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்ட காலமும் உண்டு. காது திறந்தவனுக்கு ஆழத்தில் வலிக்காது. வலிக்காதவன் நிறையச் சங்கு எடுப்பான். உள்ளே ஜவ்வு கிழிந்துபோகிறது என்று எங்களில் யாரும் சொல்லமாட்டோம். திறந்தது என்றுதான் சொல்வோம், கதவைச் சொல்வது போல. அன்றைக்கு அம்மா மீன் வாங்கவில்லை. ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டில் கறி என்றால் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்தேன். நாட்டுப்பற்றினால் சேர்ந்தேன் என்று பின்னால் நேர்முகத்தில் சொன்னேன். பொய். பூட்ஸ் கொடுத்தார்கள், சேர்ந்தேன். அதுவரை என் காலில் ரப்பர் செருப்பைத் தவிர எதுவும் ஏறியதில்லை. அடியில் ஆணி வைத்த கறுப்பு பூட்ஸ். சிமெண்டுத் தரையில் நடந்தால் நான் வருவது நாலு வீட்டுக்குத் தெரியும்.

திங்களும் வியாழனும் காலையில் பரேடு. பயிற்சி கொடுத்தவர் ஒரு ஹவில்தார். வடக்கே எங்கோ கோதுமை விளையும் ஊரிலிருந்து வந்தவர். உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். கட்டளை எல்லாம் இந்தியில். முதல் நாள் "பீச்சே முட்" என்றார். பின்னால் திரும்பு என்று பொருள். எங்களுக்கு யாருக்கும் தெரியாது. என் பக்கத்தில் நின்ற உடன்குடிக்காரன், "முட்டச் சொல்லுதாருலே" என்றான். முன்னால் நின்றவனைத் தலையால் முட்டினான். அவன் திரும்பி இவனை முட்டினான். வரிசையே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. உஸ்தாத் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அவரும் ஊரை விட்டு, மொழி தெரியாத இடத்துக்கு வந்து, தினமும் ஹோட்டல் சாம்பாரோடு போராடிக்கொண்டிருந்த மனிதர். இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "முட்டு நஹி. முட். முட்," என்றார்.

நான் கட்டளையைப் புரிந்துகொள்வதில் பிறகு தப்புச் செய்யவில்லை. கேட்பதில்தான் தப்புச் செய்தேன். சனிக்கிழமை அப்பாவோடு கடலுக்குப் போவேன். திங்கட்கிழமை இடது காதில் சீழ் வடியும். பஞ்சு வைத்துக்கொண்டு வருவேன். உஸ்தாத் எனக்கு இடதுபக்கம் நின்று கட்டளை கொடுத்தால் பாதிதான் விழும். எல்லோரும் வலதுபக்கம் திரும்ப, நான் மட்டும் இடதுபக்கம் திரும்பி அடுத்தவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு வரிசையில் இடதுகோடியாகப் பார்த்து நிற்கக் கற்றுக்கொண்டேன். அங்கிருந்தால் சத்தம் எல்லாம் வலதுபக்கமிருந்துதான் வரும்.

ஆனால் கட்டளை கொடுப்பதில் என்னை யாரும் தொட முடியாது. உஸ்தாத் ஒவ்வொருவனையும் முன்னால் நிறுத்திக் கத்தச் சொன்னார். "பேட் ஸே! பேட் ஸே!" வயிற்றிலிருந்து கத்து என்பார். மற்றவர்கள் தொண்டையிலிருந்து கீச்சிட்டார்கள். நான் ஒரே ஒரு "சாவ்தான்" கொடுத்தேன், விறைப்பாக நில் என்று. மைதானத்துக்கு அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உஸ்தாத் என் முதுகில் அறைந்தார். இந்தத் தொண்டை எங்கே கிடைத்தது என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "வீட்ல உஸ்தாத்," என்றேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம்.

அதிகாரி ஆக வேண்டும் என்ற எண்ணம் இரண்டாம் ஆண்டு முகாமில் வந்தது. எங்கள் கரையில் காக்கிச் சட்டை போட்டவன் யாராக இருந்தாலும் அதட்டித்தான் பேசுவான். ஏய், வா, காட்டு, போ. அப்பா வயசு ஆளையும் அப்படித்தான். முகாமுக்கு ஒரு இளம் லெப்டினன்ட் வந்தார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டெடுக்கச் சொன்னபோது அவர் எடுக்கவில்லை. ஆயிரம் பேரும் எடுத்து முடிக்கிறவரை வெயிலில் நின்றார். கடைசியில் சோறு அடிப்பிடித்த இடம்தான் அவருக்கு மிஞ்சியது. அதைத் தின்றார். அன்றைக்கு முடிவு செய்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மாணவர் படையின் கடைசிச் சான்றிதழை நல்ல தரத்தில் வாங்கினால் எழுத்துத் தேர்வு கிடையாது. நேரே ஐந்து நாள் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் கல்லூரியில் அதற்குத் தயாரானது இரண்டு பேர். நானும் நாசரேத்துக்காரி ஒருத்தியும். அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். வீட்டிலேயே இங்கிலீஷ் பேப்பர் வரும். அவள் இங்கிலீஷ் பேசினால் நமக்கும் புரியும். நான் பேசினால் எனக்கே புரியாது. பரேடு முடிந்ததும் மைதானப் படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குப் பேப்பர் வாசிக்கக் கொடுத்தாள். கேள்வி கேட்டாள். நான் அவளுக்குக் கயிறு ஏறக் கற்றுக்கொடுத்தேன். ஒரு நாள் கேட்டாள்.

"ஏலே, எதுக்கு எப்பப் பாத்தாலும் கோழி மாதிரித் தலயச் சாச்சுக்கிட்டே பாக்க?"

"ஏளா, இடது காது திறந்திருக்கு."

"திறந்திருக்கா? காதா, ஜன்னலா?"

"ஒனக்குப் புரியாது. கடலுக்குப் போறவனுக்குத்தான் தெரியும்."

"எனக்குப் புரியாட்டிப் போவுது. மெடிக்கல்ல டாக்டருக்குப் புரியுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். மறுநாள் ஒன்றும் நடக்காதது போல வந்து, என் வலதுபக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அதிலிருந்து எப்போதும் வலதுபக்கம்தான்.

கடைசி ஆண்டில் எனக்கு அழைப்பு வந்தது. பெங்களூருக்கு ரயில் ஏறினேன். அவளுக்கு வேறு ஊரில் தேர்வு. முதல் நாளே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஒன்ன மாதிரி ஆளுவ போட்ட சத்தத்துல நான் பேசுனது ஒருத்தனுக்கும் கேக்கல," என்று போனில் சொன்னாள். அங்கே குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். ஒரே கூச்சலாக இருக்கும். கத்துகிறவன் பிழைப்பான். நான் பிழைத்தேன்.

ஐந்து நாளும் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக் குடும்பத்துப் பையன்கள். அப்பா கர்னல், மாமா பிரிகேடியர். கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடுவார்கள். நான் கையால் சாப்பிட்டேன். ஒருத்தன் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டி, உடனே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். கடல் என்று ஒரு சொல் வந்தது. மற்றவர்கள் அழகு, ஆழம், அமைதி என்று எழுதியிருப்பார்கள். நான் 'கடல் வேலை செய்கிற இடம்' என்று எழுதினேன். பலகையும் கயிறும் கொடுத்து, தரையில் கால் படாமல் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். படகில் தினமும் செய்கிற வேலை. கயிற்றில் நான் போட்ட முடிச்சைக் கர்னல் மகனால் அவிழ்க்கவே முடியவில்லை. கடைசி நாள் பெயருக்குப் பதிலாக நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் நாலு எண். ஒன்று என்னுடையது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். போனில் அவருக்கு ஒன்றும் புரியாது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவரிடம் சொல்லும் சத்தம் எனக்குக் கேட்டது. "தேர்வாயிட்டானாம்! தேர்வாயிட்டானாம்!" என்று நாலு தடவை கத்தினாள்.

அடுத்தது மருத்துவச் சோதனை. ராணுவ ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டை அறைக்கு வெளியே ஜட்டியோடு வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. சீருடை போட்ட டாக்டர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டார். காதில் ஏதாவது கோளாறு உண்டா?

"இல்லை சார்," என்றேன். "இரண்டும் நல்ல காது. இடது காது பதினைந்து வயதிலேயே திறந்துவிட்டது."

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். "என்ன?"

நான் நிமிர்ந்து நின்று விளக்கினேன். எத்தனை பாகம் ஆழம், எப்படி டப்பென்றது, இப்போது எவ்வளவு ஆழம் போனாலும் வலிக்காது. நாசரேத்துக்காரி கற்றுக்கொடுத்த இங்கிலீஷை எல்லாம் அங்கேதான் கொட்டினேன். அந்த ஐந்து நாளும் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு காதுக்குள் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஒரு சின்ன வட்டம் போட்டார். பெரியது ஜவ்வு. சின்னது ஓட்டை. கீழே தகுதியில்லை என்று எழுதினார்.

எனக்குப் பின்னால் நின்ற கர்னல் மகன் நான் வெளியே வரும்போது மெதுவாகக் கேட்டான். எதற்காக நீயே சொன்னாய் என்று. சொல்லாவிட்டாலும் அவர் பார்த்திருப்பார். அது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் என் வாயாலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதுதான் அவமானமாக இருந்தது.

டாக்டர் நல்ல மனிதர். சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார். ஆபரேஷன் செய்தால் அடையலாம். அடைந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஐந்து நாளும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒட்டுப் போட்ட காதோடு வாழ்நாள் முழுக்க ஆழத்துக்குப் போகக் கூடாது.

ஊருக்கு வந்தேன். அப்பா என்ன ஆச்சு என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்த்து, நீதான் என் காதை உடைத்தாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்த வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். வீட்டு வாசலில் வந்து நின்றதும் பொய் சொன்னேன்.

"கண்ணுல கோளாறாம்."

கண் என்று சொன்னது மடத்தனம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வளாகத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. பூசை முடிந்ததும் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் ஆளாக நிறுத்தினார். கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அதற்குக் கீழே பலகை அச்சடித்த அச்சகத்தின் பெயர் இருந்தது. அதையும் வாசித்தேன். பழக்கதோஷம். டாக்டர் அப்பாவிடம் இந்தக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

அப்பா நெருப்பாகிவிட்டார். "அப்பம் வேணும்னே திருப்பி அனுப்பியிருக்கானுவ! கடக்கரைக்காரன்னு அனுப்பியிருக்கானுவ!" பங்குச் சாமியாரிடம் போய் மனு எழுதச் சொன்னார். டெல்லிக்கு அனுப்ப வேண்டும் என்றார். சாமியார் நிஜமாகவே பேனாவை எடுத்துவிட்டார். கோயில் முற்றத்தில் பாதி ஊர் நின்றது.

"காதுப்பா!" என்று கத்தினேன். "கண்ணு இல்ல! காது! காதுல ஓட்டை!"

அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்டது. அப்பா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "நாந்தான திறந்துவுட்டேன். அது நல்லதாச்சே?"

யாரும் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற ஆண்களும் அதே மாதிரிதான் என்னைப் பார்த்தார்கள். நல்லதுதானே, அதற்கு எதற்குத் திருப்பி அனுப்பினார்கள்? சாமியார்தான் பேனாவை மூடினார். அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். அப்பா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லி முடித்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போனார். மனுவைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

மறுநாள் நாசரேத்துக்காரி கல்லூரியில் என்னைப் பிடித்தாள். அவளுக்கு எப்படியோ செய்தி போயிருந்தது.

"கண்ணுன்னு சொன்னியாமே? பொய் சொல்லதுக்கும் ஒரு தெறம வேணும்லே."

"போளா அங்கிட்டு."

"போறேன். நாளைக்கு ஆஸ்பத்திரில சீட்டுப் போடுத எடத்துல எட்டு மணிக்கு நிப்பேன். வரலன்னா ஒங்க தெருவுக்கே வருவேன். வந்து ஒங்கப்பாட்டக் கத்திச் சொல்லுவேன். எனக்கும் இப்பம் நல்லாக் கத்த வரும்."

போனேன். மூன்று தடவை வரிசையில் நின்ற பிறகு அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்தார்கள். காதுக்குப் பின்னால் கீறி, அங்கிருந்தே ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போடலாம் என்றார்கள். ஒட்டாமலும் போகலாம். வீட்டிலிருந்து ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவைக் கூட்டிப்போகத்தான் நினைத்தேன். காலையில் பார்த்தால் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற வேட்டி. அன்றைக்குப் படகு போகவில்லை.

டாக்டரம்மா அவரைக் கேட்டார்கள். "எப்படி ஒடஞ்சது?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார். "என்னாலதாம்மா. நாந்தான் கீழ நிக்கச் சொன்னேன்." அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற சத்தத்தில் சொன்னார்.

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். எழுந்து, மேஜையைச் சுற்றி அவருக்குப் பின்னால் போனார்கள். "அண்ணாச்சி, உங்க பேரு என்ன?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி கேட்டார்கள். அவர் திரும்பவில்லை.

அன்றைக்கே அவருக்கும் சோதனை செய்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். ரொம்ப நேரம் கை எழவே இல்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இரண்டு தடவை தூக்கினார்.

"இவருக்குக் கேட்டு ரொம்ப வருஷம் ஆச்சு," என்றார்கள் டாக்டரம்மா. "நீங்க பேசுறப்ப வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிறாரு. கத்தாதீங்க. கத்துனா வாய் கோணிரும், அவருக்குப் பிடிபடாது. நேரா நின்னு மெதுவாச் சொல்லுங்க."

இருபது வருஷம் அந்த வீட்டில் நாங்கள் கத்தியிருக்கிறோம். சோறு போடு என்பதைக் கத்துவோம். கதவைச் சாத்து என்பதைக் கத்துவோம். அவரும் கத்துவார். அப்பா எப்போதும் கோபத்தில் இருக்கிற மனிதர் என்று நினைத்திருந்தேன். அவர் கோபம் என்று நினைத்துத்தான் நானும் கோபப்பட்டேன். உஸ்தாத் தட்டிக்கொடுத்த என் தொண்டை அப்படி வந்ததுதான். அந்த வராந்தாவில் நின்றுகொண்டு யாரை அடிப்பது என்று தெரியாமல் சுவரைக் குத்தினேன். கை வீங்கியது. அன்றைக்கும் கூட வந்திருந்த நாசரேத்துக்காரி, "அறிவுகெட்டவனே, கைக்கும் சேத்து மெடிக்கல்ல ஃபெயிலாவணுமா?" என்றாள்.

அப்பாவுக்குக் காதில் மாட்டக் கருவி ஒன்று தருவதாகச் சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் கெட்டுப்போகும், வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்து மட்டும் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் காதில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. தலைக்குக் குளிக்கும்போது அப்பா பக்கத்தில் நின்று, பஞ்சில் எண்ணெய் தொட்டு என் காதை அடைப்பார். ஒவ்வொரு தடவையும் அவரே அடைப்பார். அம்மாவை விடமாட்டார். அந்த விரல்கள் சங்கை மண்ணிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி மரத்துப்போனவை. பஞ்சைப் பூப்போல வைக்கும். என் இடத்துக்குப் படகில் வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அதை என்னிடம் சொல்லவில்லை. கரைக்குப் போனபோது நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒட்டு ஒட்டியது. கல்லூரி முடிந்தது. முத்தையாபுரம் பக்கம் ஒரு கிடங்கில், கண்டெய்னர் வந்த எண், போன எண் எழுதுகிற வேலைக்குப் போனேன். சாயங்காலம் ஓடினேன். அடுத்த விண்ணப்பம் போட்டேன். மறுபடி ஐந்து நாள். மறுபடி பலகை, கயிறு. கடல் என்ற சொல் இந்தத் தடவை வரவில்லை. நெஞ்சில் வேறு எண். அதைக் கூப்பிட்டார்கள்.

மருத்துவச் சோதனை வேறொரு ஆஸ்பத்திரி, வேறொரு டாக்டர். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். வரிசையில் என்னோடு வந்தவர்கள், சின்ன வயதுக் காயம் என்று சொல்லு, கிளறாதே என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"கடலில் உடைந்தது சார். அடைத்துவிட்டோம்," என்றேன்.

ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, அறையின் மறுகோடிக்குப் போய் ஒரு எண்ணை மெதுவாகச் சொன்னார்.

"முப்பத்தேழு சார்," என்றேன்.

தகுதி என்று எழுதினார்.

அதற்குப் பிறகும் மெரிட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. எல்லாத் தகுதியும் இருந்தும் அதில் பெயர் வராமல் போனவர்கள் உண்டு. தினமும் போனைப் பார்த்துப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெயர் வந்தது. கடைசிக்குச் சற்று மேலே. போதும்.

கரைக்கு ஓடினேன். அப்பாவின் படகு கொஞ்சம் தள்ளி நின்றது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டேன். "அப்பா! லிஸ்ட்ல வந்தாச்சு!"

கயிற்றோடு தற்செயலாகத் திரும்பியவர் என் கோணிய வாயைப் பார்த்தார். "எவன் செத்தான்?"

நான் மறுபடி கத்தவில்லை. பேண்டோடு தண்ணீரில் இறங்கினேன். அப்பா பதறிப்போனார். "காது! காது! ஏலே, காதுல தண்ணி!" என்று இரண்டு கையையும் ஆட்டினார். நெஞ்சுவரைக்கும்தான் தண்ணீர். தலையைத் தூக்கிக்கொண்டு நடந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்துக்கு நேரே நின்றேன். பெயர் வந்துவிட்டது, அகாடமிக்குப் போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னேன். அவ்வளவு மெதுவாக நான் அந்த மனிதரிடம் அதுவரை பேசியதே இல்லை.

அவர் என் வாயைப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொல்லி விரலைக் காட்டினார். மறுபடி சொன்னேன். கயிறு கையிலிருந்து விழுந்தது. குனிந்து என் இடது காதைப் பிடித்து, நனைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எம் மவன் ஆபீசராயிட்டான்!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார்.

பக்கத்துப் படகிலிருந்த பெரியவர் காதில் கைவைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தார். "என்னதுலே?"

"ஆபீசரு! ஆபீசரு!"

"யாரு வாரா?"

மூன்றாவது படகுக்காரருக்கு அதுவும் கேட்கவில்லை. அப்பா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.